சி டிரைவ் ஏன் 'ஏ'வில் தொடங்கவில்லை? பில் கேட்ஸுக்கு முன்பே இயங்குதளம் எழுதிய கேரி கில்டாலின் கதை

உங்கள் ஆபீஸ் லேப்டாப் விண்டோஸில் ஓடுகிறது என்றால், அதில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்ற மூன்று எழுத்துகளை மட்டும் பெயராக வையுங்கள். விண்டோஸ் ஒத்துக்கொள்ளாது. இதை ஏதோ மர்மம் போலச் சொல்லும் ஃபார்வர்டு மெசேஜ் நம்மில் பலருக்கும் வந்திருக்கும். மர்மமெல்லாம் ஒன்றும் இல்லை. கீபோர்டும் திரையும் சேர்ந்த 'கன்சோல்' என்ற சாதனத்துக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு இயங்குதளத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் அது. ஹார்டு டிஸ்க் 'சி' டிரைவ் என்று அழைக்கப்படுவதும் அதே காலத்துப் பழக்கம்தான். 'ஏ', 'பி' இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்டு டிஸ்க்குக்கு மூன்றாவது எழுத்து கிடைத்தது.

அந்த இயங்குதளத்தின் பெயர் சிபி/எம். அரசியல் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். சிறு கணினிகளை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் என்பதன் சுருக்கம் அது. எழுதியவர் கேரி கில்டால். பில் கேட்ஸின் பெயர் தெரியாதவர் இல்லை. கில்டாலின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஏன் அப்படி ஆனது?

மாலுமிப் பள்ளிக் குடும்பத்துப் பையன்

கேரி ஆர்லென் கில்டால் 1942 மே 19-ம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் செலுத்தும் வழிகாட்டுக் கலையைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை அவரது குடும்பம் நடத்திவந்தது. தாத்தா தொடங்கிய பள்ளி அது. இளம் வயதில் கேரியும் அங்கே பாடம் எடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்து, கணக்கு ஆசிரியர் ஆவதுதான் அவர் திட்டம். படிக்கப் போன இடத்தில் கம்ப்யூட்டர் அவரைப் பிடித்துக்கொண்டது.

வியட்நாம் போர்க்காலம் அது. கடற்படைக்குச் செய்ய வேண்டிய பணியை, கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து நிறைவேற்றினார். 1972-ல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நிரல்களை மொழிமாற்றும் கம்பைலர்கள் குறித்து அப்போது அவர் செய்த ஆய்வு இன்றும் கணினி அறிவியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. வியாபாரத்தைவிட வகுப்பறையும் சோதனைக்கூடமும்தான் அவருக்குப் பிடித்த இடங்கள். பிறகு நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இயங்குதளம் எதற்காகத் தேவைப்பட்டது?

1971-ல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. விரல் நுனியில் வைக்கக்கூடிய ஒரு சில்லுக்குள் கணக்குப் போடும் இயந்திரம். டிராஃபிக் சிக்னல், கால்குலேட்டர் போன்றவற்றில் பொருத்தத்தான் அது பயன்படும் என்று பலரும் நினைத்தார்கள். இதை வைத்து ஒரு முழுக் கம்ப்யூட்டரையே செய்யலாம் என்று கில்டாலுக்குத் தோன்றியது. இன்டெலுக்கு ஆலோசகராகப் போனார். அதன் 8008, 8080 சில்லுகளுக்காக 'பிஎல்/எம்' என்ற நிரல்மொழியை உருவாக்கித் தந்தார்.

அடுத்த சிக்கல், சேமிப்பு. எழுதிய நிரலை எங்கே வைப்பது? காகித நாடாவில் துளையிட்டு வைத்தார்கள். மெதுவான வேலை, நாடா கிழிந்தால் போச்சு. அப்போதுதான் ஷுகார்ட் நிறுவனத்தின் 8 அங்குல ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கில்டால் கைக்கு வந்தது. அதைக் கணினியோடு இணைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் வேலை அவருக்குக் கைவரவில்லை. பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோடி அந்த இணைப்புப் பலகையைச் செய்துகொடுத்தார். வட்டில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எங்கே காலி இடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருளைக் கில்டால் எழுதினார். 1974-ல் பசிஃபிக் குரோவ் என்ற சிறிய கடலோர ஊரில் அது முதன்முதலாக ஓடிக் காட்டியது. அதுதான் சிபி/எம்.

இன்டெல் அதில் ஆர்வம் காட்டவில்லை. அதனால் கில்டாலும் பள்ளிக் காலத்திலிருந்தே பழக்கமான அவரது மனைவி டோரதியும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் அதன் பெயர் 'இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்'. அண்டவெளி வரைக்கும் போன பெயர் பிறகு 'டிஜிட்டல் ரிசர்ச்' என்று சுருங்கியது. கணவர் நிரல் எழுதினார், மனைவி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். பழைய பாணி வீடு ஒன்றுதான் அலுவலகம்.

ஒரு மென்பொருள், ஆயிரக்கணக்கான மாடல்கள்

அன்று ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. ஒவ்வொரு புதுக் கணினி வரும்போதும் சிபி/எம்மை முழுதாகத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் என்ற நிறுவனம் தன் கணினிக்காகக் கேட்டபோது, கில்டால் ஒரு முடிவுக்கு வந்தார். கணினிக்குக் கணினி மாறும் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்து, அதற்கு 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். ஃபைல் கணக்கு பார்க்கும் பகுதி தனி. பயனர் தட்டும் கட்டளையைப் படிக்கும் பகுதி தனி. புதுக் கணினி வந்தால் பயாஸை மட்டும் மாற்றினால் போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் மென்பொருளைத் தனிச் சரக்காக விற்கும் தொழில் சிறு கணினி உலகில் வளர்ந்ததற்கு இது பெரிய காரணம். வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற புகழ்பெற்ற மென்பொருள்கள் சிபி/எம்மில்தான் முதலில் ஓடின. 1981 வாக்கில் சுமார் 3,000 கணினி மாடல்களில் சிபி/எம் இயங்கியது. கில்டால் சொந்த விமானம் ஓட்டும் அளவுக்கு வசதியானவர் ஆனார்.

ஐபிஎம் வந்த நாள்

1980. பெரிய கணினிகளின் ராஜாவான ஐபிஎம், சொந்தக் கணினிச் சந்தையில் இறங்க முடிவு செய்தது. வேலை ரகசியம், அவசரம். நிரல்மொழிகளுக்காக மைக்ரோசாஃப்டை அணுகியது. இயங்குதளமும் வேண்டும் என்று கேட்டபோது, அது தன்னிடம் இல்லை என்பதால் பில் கேட்ஸ் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பிவைத்தார்.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கட்டுக்கதை பிறக்கிறது. ஐபிஎம் ஆட்கள் வாசலில் காத்திருக்க, கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் கோடிகளை இழந்தார் என்பார்கள். உண்மையில் அன்று காலை அவர் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத் தன் விமானத்தில் போயிருந்தார். ஒப்பந்த வேலைகளை டோரதி கவனிப்பதுதான் அங்கே வழக்கம். ஐபிஎம் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டியது. ஐபிஎம் சொல்வதையெல்லாம் இவர்கள் ரகசியமாகக் காக்க வேண்டும், இவர்கள் சொல்வதைக் காக்க ஐபிஎம்முக்குக் கடமை இல்லை என்ற ரீதியில் அது இருந்தது. வக்கீலைக் கலந்து பேசிய டோரதி கையெழுத்துப் போடத் தயங்கினார். இன்றைக்கு ஸ்டார்ட்அப் நடத்தும் யாரும் அதையேதான் செய்வார்கள்.

கில்டால் பிற்பகலில் திரும்பினார். அதற்குப் பிறகு நடந்தது பற்றி இரு தரப்பும் வேறு வேறு மாதிரிச் சொல்கின்றன. அன்று கில்டால் ஐபிஎம் ஆட்களைச் சந்தித்தாரா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. பேரம் படியவில்லை என்பது மட்டும் உறுதி. ஐபிஎம் ஒரே தொகையாகக் கொடுத்து முடிக்கப் பார்த்தது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு வாங்குவது கில்டாலின் வழக்கம்.

ஐபிஎம் மீண்டும் மைக்ரோசாஃப்டிடம் போனது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் இன்டெலின் புதிய 8086 சில்லுக்காக ஒரு இயங்குதளம் எழுதி வைத்திருந்தார். அந்தச் சில்லுக்கான சிபி/எம் வரத் தாமதமானதால், காத்திருக்க முடியாமல் எழுதியது அது. மைக்ரோசாஃப்ட் முதலில் உரிமம் பெற்று, 1981 ஜூலையில் அதை முழுதாக வாங்கியது. அதுவே டாஸ் ஆனது.

சிபி/எம், டாஸ்: எது ஒன்று, எது வேறு?

டாஸ் என்பது சிபி/எம்மின் காப்பியா? இன்று வரை ஓயாத கேள்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

ஒற்றுமைகள்: திரையில் 'ஏ' என்ற டிரைவ் எழுத்துடன் காத்திருக்கும் கட்டளை வரி, எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் கொண்ட ஃபைல் பெயர்கள், ஃபைல் பட்டியலைக் காட்டும் 'டிஐஆர்' கட்டளை. உள்ளே மென்பொருள்கள் இயங்குதளத்தை அழைக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். சிபி/எம் மென்பொருள்களை எளிதாக மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக, அதன் கையேட்டைப் பார்த்தே பேட்டர்சன் அப்படி அமைத்தார்.

வேற்றுமைகள்: வட்டில் ஃபைல்களைக் கணக்கு வைக்கும் முறையை டாஸ் வேறு இடத்திலிருந்து எடுத்தது. 'ஃபேட்' என்ற அந்த முறை இன்றும் பென் டிரைவ்களில் இருக்கிறது. ஃபைலின் அளவை சிபி/எம் 128 பைட் துண்டுகளாகத்தான் எண்ணியது. டாஸ் துல்லியமாகப் பதிவு செய்தது. சிபி/எம்மில் ஃபிளாப்பியை மாற்றினால், ஒரு கட்டளை கொடுத்து அதற்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் எழுத விடாது. டாஸில் அந்தத் தொல்லை இல்லை. ஃபைலை நகலெடுக்க சிபி/எம்மில் போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுத வேண்டும். டாஸில் இருக்கும் இடத்தை முதலில் எழுதினால் போதும். புதியவர்களுக்கு டாஸ் கொஞ்சம் இணக்கமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அதாவது வெளித் தோற்றமும் அழைப்பு முறையும் கில்டால் வகுத்தவை, உள்ளே எழுதப்பட்ட நிரல் பேட்டர்சனுடையது. இதைத் திருட்டு என்று கில்டால் கருதினார். பேட்டர்சன் கடைசிவரை அதை மறுத்தார். சட்டம் அப்போது தெளிவாக இல்லை. கணினி நிரல்களுக்குக் காப்புரிமைச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்கா வெளிப்படையாகச் சட்டத் திருத்தம் செய்ததே 1980 டிசம்பரில்தான்.

40 டாலர், 240 டாலர்

கில்டால் வழக்குப் போடும் நிலைக்கு வந்ததும் ஐபிஎம் சமரசத்துக்கு இறங்கியது. தன் கணினியுடன் சிபி/எம்மின் புதிய வடிவத்தையும் விற்பதாகச் சொன்னது. வாங்குபவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். நியாயமான போட்டி என்று கில்டால் நம்பினார்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி அறிமுகமானது. டாஸின் விலை 40 டாலர். சில மாதங்கள் கழித்து வந்த சிபி/எம்மின் விலை 240 டாலர். ஆறு மடங்கு! ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் இரண்டில் எதை வாங்குவார்கள்? போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

இன்னொரு விஷயமும் இருந்தது. டாஸை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் பிசியைப் போலவே இயங்கும் கணினிகளை காம்பேக் உள்ளிட்ட நிறுவனங்கள் செய்யத் தொடங்கியதும், ஒவ்வொன்றிலும் டாஸ் ஏறியது. ஒரே இயங்குதளம், பல கம்பெனிக் கணினிகள். கில்டால் தொடங்கிவைத்த அதே வியாபார முறைதான். பலன் மட்டும் வேறு கைக்குப் போனது.

தோற்ற பிறகு

கில்டால் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் 'கன்கரன்ட் சிபி/எம்' அவர் நிறுவனத்திலிருந்து வந்தது. டாஸ் அப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். 1985-ல் 'ஜெம்' என்ற சாளர முகப்பு வந்தது. அடாரி எஸ்டி கணினிகளில் அது பயன்பட்டது. ஆப்பிள் தன் மேக்கின் சாயல் இருப்பதாக ஆட்சேபித்ததால், பிசி பதிப்பில் சில அம்சங்களை வெட்ட வேண்டியிருந்தது. 1988-ல் டிஜிட்டல் ரிசர்ச் வெளியிட்ட 'டிஆர் டாஸ்' இன்னொரு திருப்பம். டாஸுக்கான மென்பொருள்களை ஓட்டும், அதைவிடக் கூடுதல் வசதிகளும் தரும். வட்டில் உள்ளவற்றைச் சுருக்கிச் சேமிக்கும் வசதி டிஆர் டாஸில் 1991-லேயே வந்தது. எம்எஸ் டாஸில் அது 1993-ல்தான் வந்தது.

கில்டாலின் பார்வை அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. சிடி-ரோமில் என்சைக்ளோபீடியாவைக் கொண்டுவரலாம் என்று நினைத்துத் தனி நிறுவனம் தொடங்கி, 1985-ல் குரோலியர் கலைக்களஞ்சியத்தை ஒரே வட்டில் அடக்கினார். 1983 முதல் 1990 வரை, 'கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராகவும் இருந்தார். போட்டியாளர்களின் தயாரிப்புகளைக்கூட ஆர்வத்தோடு விசாரிக்கும் அந்த மென்மையான பேராசிரியரை யூடியூபில் இன்றும் பார்க்கலாம்.

கடைசி ஆண்டுகள்

1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நோவெல் நிறுவனம் வாங்கியது. கில்டாலுக்குப் பணக் குறை இல்லை. ஆனால் எங்கே போனாலும், அன்று ஏன் விமானம் ஓட்டப் போனீர்கள் என்ற ஒரே கேள்வி துரத்தியது. 1992-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. அவர் முனைவர் பட்டம் பெற்ற இடம். முதன்மை உரைக்கு அழைக்கப்பட்டவரோ பில் கேட்ஸ். கில்டாலுக்கு அது ஆறாத வலியாக இருந்தது. அதன் பிறகுதான் தன் தரப்பு நினைவுகளை எழுதத் தொடங்கினார்.

அந்தப் புத்தகம் அவர் காலத்தில் வெளியாகவில்லை. மணவாழ்க்கை முறிவு, குடிப்பழக்கம் என்று அவரது கடைசி ஆண்டுகள் கஷ்டமானவை. 1994 ஜூலையில் மான்டரேயில் ஒரு மதுக்கூடத்தில் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, ஜூலை 11-ம் தேதி இறந்தார். அடி எப்படிப் பட்டது என்பது தெளிவாகவில்லை. வயது 52.

கையெழுத்துப் பிரதியின் முதல் பகுதியை 2016-ல் அவரது பிள்ளைகள் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, பசிஃபிக் குரோவில் அந்தப் பழைய அலுவலக வீட்டின் முன் ஐஇஇஇ பொறியாளர் அமைப்பு ஒரு நினைவுப் பலகையைப் பதித்தது. 1974-ல் சிபி/எம் இந்த ஊரில்தான் முதலில் இயங்கியது என்று அது சொல்கிறது. ஐபிஎம் வந்த நாளைப் பற்றிப் பலர் தனியாகக் கதை சொல்லிக்கொள்ளட்டும். சி டிரைவையும், பயாஸ் என்ற சொல்லையும், விண்டோஸ் இன்னும் ஏற்க மறுக்கும் அந்த மூன்றெழுத்துப் பெயரையும் நம் கணினிகளுக்குள் கொண்டுவந்த வேலை, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.