தாத்தெவ் மடத்து ஆசிரியர் கிரகோரியார்

ஆர்மேனியாவின் தென்பகுதியில் வோரொத்தான் ஆறு மலைகளை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. அந்தப் பள்ளத்தின் விளிம்பிலே தாத்தெவ் துறவிமடம் நிற்கின்றது. 2010ஆம் ஆண்டு தொடக்கம், ஏறத்தாழ 5.7 கிலோமீற்றர் நீளமான கம்பிவடத்தில் தொங்கும் வண்டியிலேறிப் பயணிகள் பள்ளத்தைக் கடந்து வருகின்றனர். 906இல் கட்டிமுடிக்கப்பட்ட புனித இராயப்பர் சின்னப்பர் ஆலயத்தின் தென்சுவரையொட்டி ஒரு கல்லறை உண்டு. அதிலே துயில்பவர்தான் தாத்தெவ் கிரகோரியார்.

1346இல் பிறந்த இவர், அக்காலத்தின் பேரறிஞரான வோரொத்தான் யோவானிடம் பாடங்கேட்டார். 1371இல் குருவோடு எருசலேமுக்குச் சென்று, அங்கே குருப்பட்டம் பெற்றார். யோவான் மரித்தபின் மாணவரைத் தாமே பொறுப்பேற்று, 1390ஆம் ஆண்டளவில் தாத்தெவில் கல்விச்சாலையை நடத்தினார். மறைநூல், மெய்யியல், இசை, ஏடெழுதுதல், ஓவியம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. அவரே ஏடுகளுக்குப் படமும் தீட்டினார். தைமூரின் படைகள் நாட்டைச் சூறையாடிய காலம் அது. ஊர்கள் எரிய, இவர் மாணவருக்குத் தர்க்கம் படிப்பித்துக்கொண்டிருந்தார்!

அந்நூற்றாண்டிலே சாமிநாதர் சபைத் துறவிகளின் தூண்டுதலால் ஆர்மேனியரிற் சிலர் உரோமையோடு இணைந்தனர். ஆனால் தம் முன்னோரின் வழிபாட்டு முறையைக் கைவிட்டு இலத்தீன் முறையைத் தழுவினர். கிரகோரியார் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். கத்தோலிக்கரான நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. கீழைத்தேயத் திருச்சபைகள் தத்தம் வழிபாட்டு மரபைக் காக்கவேண்டுமென்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே பணித்ததல்லவா? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எதிராளிகள் மொழிபெயர்த்த அக்குவினா தோமையாரின் எழுத்துக்களைக் கிரகோரியார் ஒதுக்கிவிடவில்லை. ஊன்றிப் படித்து, 1397இல் தாம் முடித்த ‘வினாக்களின் நூல்’ என்னும் பெருநூலிலே பயன்படுத்தினார். சண்டை பிடித்தவரிடமிருந்தே பாடங்கேட்பது எளிதான காரியமன்று.

1409ஆம் ஆண்டளவில் அவர் மரித்தார். 1435இல் ஷாருக்கின் படை மடத்தைச் சூறையாடியது, கல்விச்சாலையும் மறைந்தது. அவருடைய மாணவர் மெத்சோப் தோமா முதலியோரின் முயற்சியால், ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடம் 1441இல் எச்மியாட்சினுக்கு மீண்டது. 1931இல் நிலநடுக்கம் ஆலயத்தின் குவிமாடத்தைத் தகர்த்தது. பின்னர் அது திருத்திக் கட்டப்பட்டது. வினாக்களின் நூலோ 1729இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அச்சேறிவிட்டது.