பகைப்படைக்குப் பெயரிடுதலும் உமறுப்புலவரும்

மாயக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் ஈடுபாடு கொண்ட இளைஞர்கள் பகைவர் படைகளுக்குப் பெயர் புனைவதை இன்று ஒரு பொழுதுபோக்காகவே கொண்டுள்ளனர். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையில் வரும் ஓர்க் என்னும் கொடிய இனமே இவற்றுக்குப் பெரும்பாலும் முன்மாதிரி. கரடுமுரடான ஓசையுடைய ஒரு பெயர் சூட்டிவிட்டால் போதும். அப்படையில் எவனுக்கும் தாயில்லை, ஊரில்லை. அவனை வெட்டி வீழ்த்துவதில் தயக்கமும் இல்லை. ஓர் இனம் முழுவதையும் திருந்த இயலாத தீயோராகப் படைத்தது தகுமா என்ற ஐயம் டோல்கீனையே பிற்காலத்தில் வருத்தியது.

இக்கலை நமக்கும் புதிதன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் படைப்போர் என்றொரு வகை உண்டு. அசன் அலிப் புலவர் பாடிய ஐந்து படைப்போரில் இபுனி ஆண்டான், உச்சி, வடோச்சி, தாகி, இந்திராயன் எனப் பகைவர் பெயர்கள் அணிவகுக்கின்றன. வரலாற்று நூல்களைப் புரட்டினால் இப்படைகளைக் காண இயலாது. கேட்போர் நெஞ்சில் வீரம் ஊட்டுவதற்காகப் புனையப்பட்ட கதைகள் அவை. அதே இலக்கியப் பரப்பில் வேறு வழியைத் தேர்ந்தவர் உமறுப்புலவர்.

உமறு 1642இல் பிறந்தார் என்பர். தந்தையார் வாசனைப் பொருள் வணிகர். எட்டயபுரத்தில் வளர்ந்த உமறு, அரண்மனைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். இளமையிலேயே புலவர் ஒருவரை வாதில் வென்று, பின்னர் ஆசிரியரின் இடத்தில் தாமே அரசவைப் புலவரானார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாக்க வேண்டுமென அவரிடம் கேட்டுக்கொண்டார்.

அதற்குரிய அரபு வரலாற்றுச் செய்திகளை நாடி, மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் உமறு சென்றார். அரசவைப் புலவருக்குரிய ஆடை அணிகளோடு வந்து நின்றவரைக் கண்ட அப்பா, இவர் நம்மவர் அல்லர் எனக் கருதிச் செய்தி கூற மறுத்துவிட்டாராம். பின்னர் நாயகத்தைக் கனவில் கண்டு மனம் மாறி உதவினார் என்பது வழிவழி வரும் செய்தி. கோலத்தைக் கண்டு அயலாராக ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை உமறு அறிந்திருந்தார் என்றே இதனால் கொள்ளலாம்.

சீதக்காதி மறைந்த பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசீம் மரைக்காயரின் ஆதரவில் பணி தொடர்ந்தது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் 3 காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட சீறாப்புராணம் அவ்வாறு உருவாயிற்று.

அந்நூலில் பெயர்களை அவர் கையாண்ட முறை கருதத்தக்கது. பத்ர் பதுறு ஆயிற்று. உஹத் உகுது ஆயிற்று. கலீபா உமர் (ரலி) அவர்களின் பெயரும் புலவரின் பெயரைப் போன்றே உமறு ஆயிற்று. அரபுப் பெயர்களைத் தமிழோசைக்கு இசைவித்தாரேயன்றி, பகைவருக்கு இல்லாத பெயர்களை அவர் படைக்கவில்லை. போர்க்களக் காட்சிகளில் தமிழ்க் காப்பிய மரபின் மிகைகள் உண்டு. ஆயினும் எதிரணியில் நிற்போர் குறைஷிகள். அவர்களுக்குப் பெயருண்டு, குலமுண்டு, மக்காவில் வீடுண்டு. அவர்களுள் நாயகத்தின் உறவினரும் இருந்தனர்.

இதனால் விளைந்த பயன் பெரிது. பெயருள்ள பகைவன் மனம் மாறக்கூடியவன். நாயகத்தைக் கொல்ல வாளேந்திப் புறப்பட்ட உமர், ஈமான் கொண்டு நின்ற நிகழ்ச்சியைப் புலவர் தனிப்படலமாகவே பாடினார். பகைவருக்குப் பெயரிடும் வழக்கம் அவ்வரலாற்றிலும் உண்டு. அறிவின் தந்தை என மக்கா போற்றிய அம்ரு இப்னு ஹிஷாமை முஸ்லிம்கள் அறியாமையின் தந்தை என்னும் பொருளில் அபூஜஹ்ல் என்றழைத்தனர். ஆனால் அவன் மகன் இக்ரிமா (ரலி) பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவ வந்தபோது, அவர் முன்னிலையில் தந்தையை ஏச வேண்டாமென நாயகம் தம் தோழர்களைத் தடுத்ததாக வரலாறு கூறும். ஒருவனுக்கு இட்ட பழிப்பெயர் அவன் மகனின் தலையில் ஏறக்கூடாது என்பதே அதன் படிப்பினை.

நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்குமுன்னரே, 1703இல் உமறு காலமானார். எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். எட்டயபுரத்திலுள்ள உமறுவின் அடக்கத்தலத்தின் மீது 1912இல் மண்டபம் எழுப்பியவர் கோனார் குலத்து இந்து அன்பர் ஒருவர்.

கல்முனைக் கரையோரத்திற்கு இக்காப்பியம் அந்நியமானதன்று. மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அதன் பகுதிகளுக்கு உரை வரைந்தார். ஆனால் 1990 ஆகஸ்டில் இதே கிழக்கு மண்ணில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோரும் வீரமுனையில் அடைக்கலம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். கொன்றவர்களுக்கு அவர்கள் பெயரற்ற ஒரு கூட்டமாகவே தோன்றினர். அடுத்த ஊரார் அனைவருக்கும் ஒரே பழிப்பெயரைச் சூட்டியபோது தொடங்கியது அந்த அழிவு.

2009இல் போர் ஓய்ந்தது. ஆனால் பழிப்பெயர்கள் ஓய்ந்தபாடில்லை. விளையாட்டில் கற்பனைப் படைக்குப் பெயர் புனையும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. அயலூரில் வாழும் மனிதனுக்குத் தாயும் தந்தையும் இட்ட பெயரொன்று உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தால் போதும். பதுறுக் களத்தில் நின்ற பகைவரையும் பெயர் சொல்லிப் பாடிய உமறுப்புலவரைப் படிப்பது அதற்குத் துணை செய்யும்.