சுரூபங்கள் இல்லாத பாலன் குடில்



நத்தார் நெருங்கியதும் உங்கள் இல்லங்களில் பாலன் குடில் எழுகின்றது. இவ்வழக்கம் பரவ வழிவகுத்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் என்பதை அறிவீர்கள். ஆயினும் அவர் அமைத்த குடிலில் சுரூபங்கள் இருக்கவில்லை என்பதை அறிவீர்களா?

துணி வணிகரின் மகனாகப் பிறந்து, செல்வத்தைத் துறந்தவர் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அவரது சபை ஒழுங்கை அங்கீகரித்தார். அவ்வாண்டு நத்தாருக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், இத்தாலியின் கிரேச்சியோ என்னும் மலையூரில், ஜொவான்னி என்ற பிரபுவின் உதவியை அவர் நாடினார். பெத்லகேமில் இறைபாலன் ஏற்ற வறுமையைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவரது ஏக்கம்.

அவ்வாறே தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள எருதும் கழுதையும் ஆயத்தமாயின. நத்தார் இரவில் மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தித் திரண்டனர். தீவனத் தொட்டியின் மீதே குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். குருவாகாது தியாக்கோனாகவே வாழ்ந்த பிரான்சிஸ், நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அத்தொட்டியில் பாலனின் சுரூபம் இல்லை. நற்கருணையில் ஆண்டவரே பிரசன்னமானார்.

நத்தார் நாளில் செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், எருதுக்கும் கழுதைக்கும்கூட வழமையிலும் மிகுதியாகத் தீவனம் இட வேண்டும் எனவும் அவர் விரும்பினார். 1226ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, ஏழையாகவே இறைவனடி சேர்ந்தார்.

அன்புக்குரியவர்களே, குடிலை அலங்கரியுங்கள், அது நல்லதே. ஆனால், பலிபீடத்தையும் பசித்திருக்கும் அயலவரையும் மறந்துவிட்டால், அக்குடிலில் எஞ்சுவது வைக்கோல் மட்டுமே அன்றோ?