பாரிஸின் கதவுகளைப் படமெடுத்த யூஜீன் அட்ஜே

பாரிஸ் என்றதும் ஈஃபில் கோபுரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே நகரத்தை ஏறத்தாழ 30 ஆண்டுகள் படமெடுத்த யூஜீன் அட்ஜே, அந்தக் கோபுரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கதவு, சன்னல், மாடிப்படி, கடை முகப்பு, முற்றம் என மக்கள் தினமும் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோகும் இடங்களையே அவர் தேடிப் போனார்.

அட்ஜே 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி பிரான்சின் லிபோர்ன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். இளமையில் கப்பலில் வேலை செய்தார். பின்னர் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். ராணுவச் சேவை குறுக்கிட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் நடித்தார். தொண்டை நோய் அந்தத் தொழிலையும் பறித்தது. ஓவியமும் வரைந்து பார்த்தார். அது சோறு போடவில்லை.

30 வயதைக் கடந்த பிறகே கேமராவைக் கையிலெடுத்தார். அதுவும் பிழைப்புக்காகத்தான். ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. இரும்பு வேலை செய்பவருக்கு மாடிப்படிக் கம்பியின் வளைவு தெளிவாகத் தெரிய வேண்டும். மரவேலை செய்பவருக்குக் கதவின் செதுக்கல் தெரிய வேண்டும். வாங்குபவருக்குப் பயன்பட வேண்டுமே என்று நெருங்கிப் பார்க்கத் தொடங்கியவருக்கு, அப்படிப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

அப்போது பாரிஸ் மாறிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அகலமான சாலைகளுக்காகப் பழைய தெருக்கள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவையும் ஒவ்வொன்றாக மறைந்துவந்தன. 1897-ஆம் ஆண்டு வாக்கில் அட்ஜே பழைய பாரிஸை முறையாகப் படமெடுக்கத் தொடங்கினார். மரக் கேமரா, முக்காலி, 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, பெரும்பாலும் தெருவில் கூட்டம் சேராத அதிகாலையில் புறப்படுவார்.

வசதியானவர் வீட்டோடு அவருடைய பார்வை நின்றுவிடவில்லை. 1910-ஆம் ஆண்டு வாக்கில் வீடுகளின் உட்புறத்தைக் காட்டும் 60 படங்களை ஒரே தொகுப்பாக்கினார். அதில் செல்வந்தரின் கூடமும் தொழிலாளியின் அறையும் சமமாக இடம்பெற்றன. நகரின் கோட்டை மதிலுக்கு வெளியே, பழைய துணி பொறுக்கிப் பிழைத்தவர்களின் குடிசைகளையும் அதே கவனத்தோடு பதிவு செய்தார். அவற்றைக் கட்டடம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அன்று மிகக் குறைவு.

நூலகங்களும் அரும்பொருளகங்களும் அவருடைய படங்களை வாங்கின. 1920-ஆம் ஆண்டு 2,621 கண்ணாடித் தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். ஆனாலும் கலைஞர் என்ற பட்டத்தை அவர் நாடவில்லை. தம் படங்களை ஆவணங்கள் என்றே கருதினார். அதே தெருவில் வசித்த கலைஞர் மேன் ரே, 1926-ஆம் ஆண்டு ஓர் இதழில் அவருடைய படத்தை வெளியிட விரும்பியபோது, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி அட்ஜே காலமானார். மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த அமெரிக்க இளம்பெண் பெரனிஸ் அபட், அவர் விட்டுச்சென்ற படங்களையும் தகடுகளையும் மறு ஆண்டே வாங்கிப் பல்லாண்டு பாதுகாத்தார். 1968-ஆம் ஆண்டு நியூயார்க் நவீன கலை அரும்பொருளகம் அவற்றை வாங்கியது. அபட் பின்னாளில் நியூயார்க்கின் மாறிவரும் தெருக்களைத் தாமே படமெடுத்துப் புகழ்பெற்றார்.

அட்ஜே கேமராவை நிறுத்திய இடங்கள் பலவற்றில் இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே முன்பு இருந்த வீட்டின் கதவு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புவோர், அவருடைய படத்தைத்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.