ராணுவ வாசலில் ஒரு சவப்பெட்டி

நைஜீரியாவின் அபேகுட்டா நகரில் 1938-ல் பிறந்தவர் ஃபெலா குட்டி. மருத்துவம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அவருடைய தாய் ஃபுன்மிலாயோ, வெள்ளையர் ஆட்சியில் சந்தைப் பெண்கள் மீது போட்ட வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டியவர். இந்தத் தாயை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1969-ல் அமெரிக்கா போன ஃபெலாவுக்குக் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் அரசியல் அறிமுகமானது. மும்பையில் 1972-ல் உருவான தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்ட அதே இயக்கம்தான். ஊர் திரும்பியவர் யொருபா தாளத்தையும் ஜாஸையும் கலந்து ஆஃப்ரோபீட் என்ற புது இசையை உருவாக்கினார். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். வானொலிக்கு அது ஒத்துவராது, அவர் கவலைப்படவில்லை. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடினார். சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கும் அது புரிந்தது. தன் பெயரிலிருந்த ரான்சம் என்பதை அடிமைப் பெயர் என்று உதறிவிட்டு, சாவைத் தன் பைக்குள் வைத்திருப்பவன் எனப் பொருள்படும் அனிகுலாபோ என்று வைத்துக்கொண்டார்.

1976-ல் வந்த 'ஸாம்பி' பாட்டு, சொன்னதைச் செய்யும் நடைபிணங்கள் என்று சிப்பாய்களைக் கேலி செய்தது. 1977 பிப்ரவரி 18-ல் சுமார் ஆயிரம் சிப்பாய்கள் அவர் வீட்டைச் சூழ்ந்தார்கள். அடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். 76 வயதுத் தாயை மாடி ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். விசாரணைக் குழுவோ, செய்தது யாரோ அடையாளம் தெரியாத சிப்பாய் என்று முடித்துவிட்டது. இப்படிப்பட்ட அறிக்கைகள் நமக்குப் புதிதல்ல. ஃபெலா அந்தச் சொல்லையே பாட்டாக்கினார். தாயின் பெயரால் ஒரு சவப்பெட்டியைச் சுமந்துபோய், ஆட்சித் தலைவர் ஒபசாஞ்சோ இருந்த டோடன் ராணுவ முகாம் வாசலில் வைத்தார். அதுவும் பாட்டானது.

அவரிடம் குறைகளும் உண்டு. 1978-ல் ஒரே நாளில் 27 பெண்களை மணந்தார். பெண் சமத்துவத்தைக் கேலி செய்தும் பாடினார். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவர் இதைச் செய்ததை நம்மால் ஏற்க முடியவில்லை.

1984-ல் புகாரி ஆட்சி, அந்நியப் பணம் கடத்தினார் என்று சொல்லி அவரைச் சிறையில் அடைத்தது. 20 மாதம் உள்ளே இருந்தார். 1997 ஆகஸ்ட் 2-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அப்போதும் நடந்தது ராணுவ ஆட்சிதான். அவர் உடலைப் பார்க்க லாகோஸ் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.