மதுரைக் கோட்டையை இடித்த கலெக்டர்: யார் இந்த பிளாக்பர்ன்?

வில்லாபுரத்தில் பஸ் ஏறினால் தெற்குவாசல் வழியாகத்தான் டவுனுக்குள் போகணும். அங்கே வாசலைத் தேடினால் கிடைக்காது. அதை எடுத்துவிட்டு ஊரைத் திறந்துவிட்டவர் ஜான் பிளாக்பர்ன்.

1834 முதல் 1847 வரை மதுரை கலெக்டர். அவர் வந்தபோது நகரைச் சுற்றி விஸ்வநாத நாயக்கர் காலத்துக் கோட்டை நின்றது. 72 கொத்தளங்கள், வெளியே அகழி. சண்டைக்காலம் முடிந்துவிட்டதால் கோட்டையால் பிரயோஜனம் இல்லை. உள்ளேயோ ஜனநெருக்கடி.

சரி, இடிக்கப் பணம்? இங்கேதான் பிளாக்பர்ன் கெட்டிக்காரர். மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துச் சமன் செய்பவருக்கே அந்த இடம் என்று அறிவித்தார். வீடு கட்ட மனை கிடைக்குதுன்னா யார் விடுவார்? இன்றைய ஸ்மார்ட் சிட்டி போல கோடிகள் ஒதுக்கவில்லை. அரசு போட்ட முதலீடு அந்த நிலம்தான். ஆனால் யாரிடம் கேட்டுச் செய்தார்? நகராட்சியே 1866-ல்தான் வந்தது. முடிவு ஒரே ஆள் கையில். இன்றைக்கு இதெல்லாம் நடக்குமா என்பது வேற கதை!

அப்படி வந்தவைதான் நான்கு வெளி வீதிகள். வேலையைக் கவனித்த இருவர் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன.

கலெக்டர் பெயரில் வீதி இல்லை. ஊர்மக்கள் நன்றியாக ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். தீபாவளிக்கு நாம் துணி எடுக்கப் போகும் விளக்குத்தூண் அதுதான்.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கொத்தளம் மட்டும் இடிபடாமல் மிச்சம் நிற்கிறது.