ஹொறேஸ் மான் சரித்திரச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிராங்கிளின் என்னும் ஊரில், 1796ஆம் ஆண்டு, வறிய கமக்காரக் குடும்பமொன்றிலே ஹொறேஸ் மான் பிறந்தார். இளமையில் ஆண்டுக்குச் சில வாரங்களே பள்ளி சென்றவர், எஞ்சிய கல்வியை ஊர் நூல்நிலையத்திலே தேடிக்கொண்டார். பின்னர் நியாயவாதியாகி, மாநில மேற்சபைத் தலைவராகவும் விளங்கினார்.

ஐந்நூறு குடும்பங்கள் வாழும் ஊர்தோறும் பொதுப்பணத்தில் உயர்தரக் கல்வி அளித்தல் வேண்டுமென 1827இல் அம்மாநிலத்திற் சட்டம் பிறந்தது. ஊரவர் பலர் அதனைப் பொருட்படுத்திலர். பிறர் பிள்ளைகளின் கல்விக்குத் தாம் வரி இறுத்தல் முறையன்றெனக் கருதினாரும் உளர். 1837இல் மான் தம் தொழிலையும் சபைத் தலைமையையும் துறந்து, மாநிலக் கல்விச்சபையின் முதற் காரியதரிசியானார். கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஊர் ஊராய்ச் சென்று எடுத்துரைத்தலும் ஆண்டுதோறும் அறிக்கை வரைதலுமே அவர்க்குற்ற கருவிகள்.

நல்லாசிரியர் இல்வழிக் கட்டடத்தாற் பயனில்லை எனக் கண்டு, 1839இல் பொஸ்ரனுக்கு அணித்தான லெக்சிங்ரனிலே அரசினர் ஆசிரிய கலாசாலை தோன்றுதற்கு உழைத்தார். முதல்நாள் வந்த மாணவியர் மூவரே. அதுவே பிற்காலத்திற் பிரேமிங்கம் பல்கலைக்கழகமாய் வளர்ந்தது.

மான் 1859இல் உலகு நீத்தார். இன்று பொஸ்ரன் புறநகர்ப் பிள்ளைகள் கட்டணமின்றி உயர்தரக் கல்வி பெறுதற்கு வழிவகுத்தோருள் இவர் முதன்மையானவர். மாணவர் தொகை சிறிதென்று சோரும் ஆசிரியர்கள் லெக்சிங்ரனின் முதல்நாளை நினைவுகூர்வாராக.